பவுடர் பழக்கம்: தாராவிக் குடும்பங்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் 22 வருடமாக கிளினிக் வைத்திருக்கிறேன். காய்ச்சல், சுகர், பிரஷர், குழந்தைக்குச் சளி, இதற்குத்தான் பெரும்பாலும் வருவார்கள். கூட்டம் கலைந்த பிறகு சில நாள் ஒரு அம்மா மட்டும் டோக்கன் எடுக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். உள்ளே வந்து முந்தானை முடிச்சை மேசைமேல் அவிழ்ப்பார். ஒரு பக்கம் கரி படிந்த வெள்ளித்தாள் துண்டு, குழாய் மாதிரிச் சுருட்டிய பத்து ரூபாய் நோட்டு. "எம்மவன் சட்டைப் பையில இருந்துச்சு. இது என்னன்னு பாத்துச் சொல்லுங்கம்மா."

என்னவென்று அவருக்கே தெரியும்: பவுடர், அதாவது ஹெராயின், புகைத்த அடையாளம். அதன் பிறகு அவர் கேட்பவைதான் உண்மையான கேள்விகள். அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். சொந்தக்காரர்களிடம் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் தனியாக உட்கார்ந்து படிக்கலாம்.

தீங்குக் குறைப்பு என்கிறீர்களே, அப்படி என்றால் என்ன?

பழக்கத்தை ஒருவர் இன்றைக்கே விட முடியவில்லை என்றாலும், அந்தப் பழக்கத்தால் அவர் சாகாமலும், தீராத நோய் வாங்காமலும், ஜெயிலுக்குப் போகாமலும் பார்த்துக்கொள்வது. ஊசி போடுகிறவருக்குப் புது ஊசி கொடுப்பது, பவுடருக்குப் பதிலாக டாக்டர் மேற்பார்வையில் மாத்திரை கொடுப்பது, மூச்சு நின்றால் என்ன செய்வது என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பது, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்குச் சோதனை செய்வது எல்லாம் இதில் அடங்கும். விட வேண்டும் என்று அவர் நினைக்கும் நாளில் அதற்கும் கூடவே நிற்போம். விட்டால்தான் வைத்தியம் என்று நிபந்தனை மட்டும் போடுவதில்லை.

நீங்கள் டாக்டர். விடச் சொல்வதுதானே உங்கள் வேலை?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கிளினிக் தொடங்கிய புதிதில் தாராவியிலேயே லேபர் கேம்ப் என்கிற பகுதியிலிருந்து ஒரு தம்பி வருவான். 24 வயது. தோல் பட்டறையில் வேலை, கையில் எப்போதும் தோல் வாடை இருக்கும். முழங்கை மடிப்பில் ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டி வந்தான். கட்டியைக் கீறிக் கட்டுப் போட்டுவிட்டு, "இதை விட்டுட்டு வா, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பினேன். ரொம்பக் கண்டிப்பாகப் பேசியதாக எனக்குள் ஒரு திருப்தி வேறு. அவன் அப்புறம் வரவே இல்லை. நாலு மாதம் கழித்து அவன் அக்கா வந்து சொன்னாள்: சீழ் ரத்தத்தில் கலந்து, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவதற்குள் முடிந்துவிட்டது. "டாக்டரம்மா திட்டுவாங்கன்னு வரமாட்டேன்னுட்டான்."

அவனுக்கு அன்று வேண்டியிருந்தது ஒரு ஆன்டிபயாடிக், பத்து புது ஊசி, மறுநாள் கட்டு மாற்ற வரச் சொல்லும் ஒரு வார்த்தை. மூன்றும் என் கையில் இருந்தன. சுகர் நோயாளி லட்டு சாப்பிட்டுவிட்டு வந்தால் இன்சுலின் தர மாட்டேன் என்று நான் சொல்வதில்லை. இவனிடம் மட்டும் சொன்னேன். அந்த நாளிலிருந்து என் கதவில் நிபந்தனை கிடையாது.

ஊசி இலவசமாகக் கொடுத்தால், "போடு" என்று நாமே சொல்வது போல ஆகாதா?

எதிர்ப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஊசி கிடைக்காததால் பவுடரை விட்டவர் என்று ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. கிடைக்காதபோது பக்கத்தில் இருப்பவரின் ஊசியை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள்.

இது நம் ஊர்க்கதை மட்டும் இல்லை. 1980களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் ஊசி விற்பனையை இறுக்கிப் பிடித்தார்கள். அங்கே ராய் ராபர்ட்சன் என்று ஒரு குடும்ப டாக்டர், என்னைப் போலவே ஏழைப் பகுதியில் கிளினிக் வைத்திருந்தவர். தன்னிடம் வரும் ஹெராயின் பழக்கமுள்ளவர்களின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால் பாதிப்பேருக்கு எச்.ஐ.வி. 1986-இல் அதை வெளியிட்டார். நம் நாட்டில் மணிப்பூரில் 1989, 90 வாக்கில் அதே கதை நடந்தது. ஒரு வருடத்துக்குள் ஊசி போடுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கிருமி பரவியது. அவர்களிடமிருந்து மனைவிகளுக்கு, பிறகு குழந்தைகளுக்கு.

ஆம்ஸ்டர்டாமில் 1984-லேயே, எச்.ஐ.வி. பயம் வருவதற்கு முன்பே, மஞ்சள் காமாலைக்குப் பயந்து பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு எத்தனையோ நாடுகளில் இதை ஆராய்ந்துவிட்டார்கள். ஊசி கொடுத்ததால் புதிதாக ஆட்கள் சேர்ந்ததாகவோ, போடுகிறவர்கள் அதிகம் போட்டதாகவோ தெரியவரவில்லை. உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைக்கிறது. நம் அரசின் நாகோ, அதாவது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, தன் செலவிலேயே ஊசி கொடுக்கிறது.

பழைய ஊசியைத் திருப்பி வாங்குவதும் இந்த வேலையில் சேர்ந்தது. சாக்கடை ஓரத்தில் விளையாடும் குழந்தையின் காலில் அது குத்தாது.

ஊருக்கு அனுப்பிவிட்டால் சரியாகிவிடுவானா?

திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் முதலில் யோசிப்பது இதைத்தான். "இங்க சேர்க்கை சரியில்லம்மா, தாத்தா வீட்ல விட்டா திருந்திருவான்" என்று நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடுவார்கள்.

பவுடர் கடைசியாக எடுத்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் உடம்பு கேட்க ஆரம்பிக்கும். ரயில் சோலாப்பூர் தாண்டும்போது மூக்கு ஒழுகும், கொட்டாவி விடாமல் வரும், காலை உதறிக்கொண்டே இருப்பான். பிறகு வயிற்றுப்போக்கு, வாந்தி, எலும்புக்குள் வலி. பையன்கள் இதை 'டர்க்கி' என்பார்கள். இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். பாதி வழியில் இறங்கிக் காணாமல் போன பையன்கள் உண்டு.

சரி, போய்ச் சேர்ந்து ஆறு மாதம் நன்றாகவே இருந்தான் என்று வையுங்கள். எனக்குப் பயம் அவன் திரும்பி வரும் நாளில்தான். மூளைக்குப் பழைய ஆசை மறந்திருக்காது, ஆனால் உடம்பு தாங்கும் சக்தியை இழந்திருக்கும். பழைய அளவையே எடுப்பான், மூச்சு நின்றுவிடும். ஜெயிலிலிருந்து வருகிறவர்களுக்கும் மறுவாழ்வு மையத்திலிருந்து வருகிறவர்களுக்கும் முதல் சில வாரங்கள் இதே ஆபத்துதான். ஊரிலிருந்து மகன் வந்தால் முதல் வாரத்திலேயே என்னிடம் கூட்டி வாருங்கள். அவன் ஒன்றும் எடுக்கவில்லை என்றாலும் கூட்டி வாருங்கள்.

ரூமில் பூட்டி வைக்கலாமா? சங்கிலி போடும் மையங்கள் இருக்கின்றனவாமே?

கூடாது. மனநல சிகிச்சைச் சட்டம், 2017, போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்றே கணக்கில் கொள்கிறது, சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. அடிக்கிற, கட்டிப்போடுகிற இடத்தில் பணம் கட்டிச் சேர்க்காதீர்கள். அப்படி ஒரு இடத்திலிருந்து வந்த ஒருவரின் மணிக்கட்டுத் தழும்புக்கு நான் மருந்து போட்டிருக்கிறேன். வந்த மூன்றாம் நாளே அவர் மறுபடி எடுத்துவிட்டார்.

ஒரு முக்கியமான விஷயம். பவுடரை நிறுத்தினால் வரும் அவஸ்தை பயங்கரமானது, ஆனால் பெரும்பாலும் உயிரை எடுக்காது. தினமும் நிறையக் குடிக்கிறவரும், 'பட்டன்' என்று சொல்லும் தூக்க மாத்திரையை நிறைய நாள் சாப்பிட்டவரும் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து இறந்துவிடலாம். அவர்களை டாக்டர் இல்லாமல் பூட்டி வைப்பது கொலைக்குச் சமம்.

நாக்குக்கு அடியில் மாத்திரை கொடுக்கிறீர்கள். அதுவும் போதைதானே? ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிப்பதா?

அந்த மாத்திரையின் பெயர் புப்ரெனார்ஃபின். பவுடர் மூளையில் எந்தப் பூட்டில் போய் உட்காருகிறதோ அதே பூட்டில் இதுவும் உட்காரும், ஆனால் அரைகுறையாகத்தான் திறக்கும். டர்க்கி வராது, ஆசை அடங்கும், பவுடர் எடுத்தாலும் பழைய ஏற்றம் இருக்காது. ஒரு அளவுக்கு மேல் மூச்சை அமுக்காததால் பவுடரைவிடப் பாதுகாப்பானது. தூக்க மாத்திரையும் சாராயமும் சேர்ந்தால் மட்டும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பழகிய உடம்பு இதைச் சார்ந்திருக்கும் என்பது உண்மைதான், மறைக்க மாட்டேன். திடீரென்று நிறுத்தினால் இதற்கும் அவஸ்தை உண்டு.

ஆனால் இந்த மாத்திரை கொடுக்கும் மையத்துக்கு ஒரு காலை வந்து பாருங்கள். நர்ஸ் மாத்திரையைப் பொடித்து, நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் தூவுவார். ஐந்து, பத்து நிமிடம் எச்சில் விழுங்காமல் பெஞ்சில் உட்கார வேண்டும். வரிசையாக ஆறேழு பேர், வாயை மூடிக்கொண்டு, பேசாமல், ஒருவர் மொபைலைப் பார்த்தபடி. பிறகு வாயைத் திறந்து காட்டிவிட்டு வேலைக்குப் போவார்கள். ஒருவர் இட்லி அண்டாவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, மாத்திரை எடுத்துவிட்டு மாட்டுங்கா பக்கம் விற்கப் போவார். முன்பெல்லாம் காலை எழுந்ததும் நூறு, இருநூறுக்கு யார் பையில் கைவிடுவது என்று யோசித்தவர் அவர். இதை இன்னொரு போதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மெத்தடோன் என்று இன்னொரு மருந்தும் உண்டு, அதைத் திரவமாகக் கொடுப்பார்கள். இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தச் சிகிச்சையில் இருக்கும்வரை இறக்கும் வாய்ப்பு பாதிக்கும் கீழே குறைகிறது.

முதல் மாத்திரையை டர்க்கி தொடங்கிய பிறகுதான் எடுக்க வேண்டும். பவுடர் உடம்பில் நிறைய இருக்கும்போது எடுத்தால் அவஸ்தை உடனே, பல மடங்காக வரும். யாரோ கொடுத்தார்கள் என்று வீட்டில் போட்டுப் பார்க்காதீர்கள். கரைத்து ஊசியில் ஏற்றினால் நரம்பு அடைத்துப் போகும்.

எத்தனை நாள் சாப்பிட வேண்டும்?

மாதங்கள், பலருக்கு வருடங்கள். பிரஷர் மாத்திரைக்கு இந்தக் கேள்வியை யாரும் கோபமாகக் கேட்பதில்லை. "மூணு மாசமாச்சே, இன்னும் விடலையா" என்று வீட்டில் நச்சரித்து நிறுத்த வைத்த பிள்ளைகள்தான் மறுபடி பவுடருக்குப் போனார்கள். குறைப்பதை அவரும் டாக்டரும் பேசி, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யட்டும்.

மகன் மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தால் என்ன செய்வது?

இதை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு வீட்டுக்கு ஓடினேன். கீழே சமையல், இரும்பு ஏணி ஏறினால் மேலே ஒரு அறை, நம் சந்து வீடுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். "நல்லா குறட்டை விட்டுத் தூங்குறான்னுதான் நெனச்சேன்" என்றார் அப்பா. தண்ணீர் கொப்பளிப்பது போன்ற அந்தக் குறட்டை தூக்கம் இல்லை, மூச்சு அடைக்கிற சத்தம். உதடும் நகமும் நீலம் பாய்ந்திருந்தன. கண் இமையை விலக்கினால் கருமணி கடுகு அளவுக்குச் சுருங்கியிருந்தது. இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள்: எழுப்பினால் எழாமை, மெதுவான அல்லது நின்றுபோன மூச்சு, கடுகுக் கருமணி.

பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், நெஞ்செலும்பை முஷ்டியால் அழுத்தித் தேயுங்கள். அசையவில்லை என்றால் ஒருவர் 108-க்குக் கூப்பிடட்டும். இன்னொருவர் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மோவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஐந்து ஆறு விநாடிக்கு ஒரு முறை வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். நெஞ்சு மேலே எழுகிறதா என்று பாருங்கள். பவுடர் ஆளைக் கொல்வது மூச்சை நிறுத்தித்தான், அதனால் நீங்கள் ஊதும் காற்றே உயிர். நாடித்துடிப்பே இல்லை என்றால் நெஞ்சை அழுத்தவும் வேண்டும். 108-இல் சொல்லச் சொல்லச் செய்யுங்கள். தானாக மூச்சு விட ஆரம்பித்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி எடுத்தாலும் புரை ஏறாது.

நலாக்சோன் என்ற ஊசி மருந்து பவுடரைப் பூட்டிலிருந்து தள்ளிவிடும். தசையில் போட்டால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். ஆம்புலன்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் கொடுப்பார்கள். என் நோயாளிகளின் வீட்டார் சிலருக்கு நானே போடக் கற்றுக்கொடுத்து, சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் அது இருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஒன்றைக் கவனியுங்கள்: அதன் வேலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பவுடர் அதற்குப் பிறகும் உடம்பில் இருக்கும். எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று தனியாக விடாதீர்கள்.

தலையில் தண்ணீர் கொட்டுவது, உப்புத் தண்ணீரை ஊசியில் ஏற்றுவது, பால் புகட்டுவது, செருப்பை மோந்து பார்க்க வைப்பது எல்லாம் நேரத்தைத் தின்னும். பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

அந்தப் பையன் பிழைத்தான். அவன் அம்மாதான் ஏணி உச்சியில் குனிந்தபடி, நான் வரும்வரை ஊதிக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் முன்பு கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் பிடிக்காதா?

இந்தப் பயத்தால்தான் பலர் வீட்டிலேயே சாகிறார்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 1985, உபயோகிப்பதையும் குற்றம் என்றுதான் சொல்கிறது. ஹெராயின் என்றால் ஒரு வருடம் வரை தண்டனை. ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, உபயோகித்த வழக்கிலோ சிறிய அளவு வைத்திருந்த வழக்கிலோ மாட்டியவர் தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு என்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போகலாம். வக்கீலிடம் பேசும்போது இந்தப் பிரிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். இலவச சட்ட உதவி மையத்திலும் கேட்கலாம்.

புது ஊசி கொடுப்பது குற்றமா என்றும் கேட்கிறார்கள். எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017, அது குற்றமாகாது என்று தெளிவாகச் சொல்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. என்னிடம் நீங்கள் சொல்வது என் மேசையைத் தாண்டாது.

என்ன சோதனைகள் எடுக்க வேண்டும்?

எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, அப்புறம் காசநோய். தாராவியில் காசநோயை மறக்கவே கூடாது. ஹெபடைடிஸ் சி பழைய ஊசிக்குள் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆனால் இன்று பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையில் குணமாகிவிடுகிறது. 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசம். எச்.ஐ.வி. மருந்தும் இலவசம். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு.

என் மகன் எடுப்பது பவுடர் இல்லை, எம்டி. இது அவனுக்குப் பொருந்துமா?

எம்டி என்பது மெஃபெட்ரோன், தூங்கவிடாமல் ஏற்றிவிடும் போதைப்பொருள். அதற்கு மாற்று மாத்திரை கிடையாது. இரண்டு மூன்று நாள் தூங்காமல், சாப்பிடாமல் இருப்பதும் இதயம் படபடப்பதும்தான் அதில் ஆபத்து. தண்ணீர், சாப்பாடு, தூக்கம், சாராயத்தோடு கலக்காமை. நெஞ்சு வலித்தாலோ சந்தேகப் பிராந்தி பிடித்தாலோ உடனே ஆஸ்பத்திரி. குடிக்கிறவருக்கு: வெறும் வயிற்றில் குடிக்காமை, பி1 வைட்டமின், வண்டிச் சாவியை வாங்கி வைப்பது. கஞ்சாவால் தனக்குள் பேசுவது, பயப்படுவது தெரிந்தால் மனநல டாக்டரைப் பாருங்கள்.

காசு கேட்டு அடம் பிடிக்கிறான். கொடுக்கலாமா?

கையில் காசாகக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். சாப்பாடு கொடுங்கள், மையத்துக்குக் கூடவே போய் பஸ் டிக்கெட் எடுங்கள். மகளின் நகையை எடுத்து உள்ளே பூட்டுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் வெளியே துரத்துவதற்கு முன் யோசியுங்கள். பாலத்துக்கு அடியில் அவனுக்குப் புது ஊசி கிடைக்காது, மூச்சு நின்றால் ஊதவும் ஆள் இருக்காது. தெருவில் 'கர்துல்லா', அதாவது பவுடர்காரன், என்று கூப்பிடுவார்கள், வீட்டில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். தட்டில் சோறு போடும்போது பேசாமல் போட்டாலே போதும்.

உங்கள் மேல் கை வைத்தால் அது வேறு. நீங்கள் முதலில் பத்திரமாக இருங்கள்.

எங்கே போவது, யாரிடம் பேசுவது?

இந்தியாவில் ஊசி போடுகிறவர்கள் ஏறக்குறைய 8.5 லட்சம் பேர் என்று 2019-இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு சொல்கிறது. நீங்கள் தனி ஆள் இல்லை. மும்பையில் அரசு, மாநகராட்சி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேளுங்கள். சங்கல்ப் போன்ற தொண்டு அமைப்புகள் பல வருடமாக இந்த வேலையைச் செய்கின்றன. நாகோவின் மாத்திரை மையங்கள் முதன்மையாக ஊசி போடுகிறவர்களுக்காக வந்தவை. வெள்ளித்தாளில் புகைக்கிறவர் மருத்துவமனை மனநலப் பிரிவில் கேட்பது நல்லது. போதை மறுவாழ்வு உதவி எண் 14446, எச்.ஐ.வி. உதவி எண் 1097, மன உளைச்சலுக்கு 14416. இந்தக் கடைசி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

ஆதார் இருந்தால் எடுத்துப் போங்கள், இல்லை என்றாலும் போங்கள். காலையிலேயே, அவன் கடைசியாக எடுத்து எத்தனை மணி நேரம் ஆனது என்று கேட்டுக்கொண்டு போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.